நந்தியாவட்டையில் ஒரு கொம்புப் புழு

மாலையில் பெருக்கிவிட்ட முற்றத்தில், மறுநாள் விடியலில் நந்தியாவட்டைச் செடியின் அடியில் மட்டும் மிளகினும் பெரிய கரும்பச்சை உருண்டைகள் சிதறிக் கிடப்பது உண்டு. பலர் அவற்றைச் செடியின் காய்ந்த மொட்டு என்று எண்ணி ஒதுக்கிவிடுவர். ஒன்றைக் கையில் எடுத்து உற்று நோக்கினால், அது சிறு பீப்பாய் போன்ற வடிவினது என்பதும், அதன் நீளவாக்கில் ஆறு பள்ளங்கள் ஓடுகின்றன என்பதும் புலனாகும். அது புழுவின் எச்சம். எச்சம் கிடக்கும் இடத்திற்கு நேர் மேலே புழு இருக்கிறது. எச்சம் இவ்வளவு பெரிதாயின் புழு விரல் அளவு வளர்ந்துவிட்டது என்றும் அறியலாம்.

நம் தோட்டப்புற வீடுகளில் நந்தியாவட்டையும் அரளியும் நில்லாத முற்றம் அரிது. கோயிலுக்குப் பூக்கொடுக்கவும் வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பறிக்கவும் வைக்கப்பட்டவை அவை. ஆகவே, அச்செடிகளில் கைவிரல் பருமனில், வாலில் கொம்புடன் ஒரு பச்சைப் புழுவைக் கண்டதும் வீட்டார் கலங்குவது இயல்பே. கொம்பு கொட்டும் என்பர். பாம்புக்குட்டி போல் சீறும் என்பர். உடனே பூச்சி மருந்து தேடப்படுகிறது. ஆனால், அதே முற்றத்தின் ஓரத்தில் நிற்கும் தென்னங்கன்றின் ஓலையில் நீலக்கோடிட்ட அழகிய சிறு புழு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் குழந்தை தொட்டுப் பார்க்க யாரும் தடுப்பதில்லை. அஞ்ச வேண்டாததை அஞ்சி, அஞ்ச வேண்டியதை விட்டுவிடும் இந்நிலை மாற வேண்டுமாயின், புழுக்களை இனங்காணப் பழக வேண்டும். இது கடினமான கல்வி அன்று. பால்மரத்தின் பட்டையைப் பார்த்தே மரத்தின் நலத்தைக் கூறவல்ல கண்களுக்கு இது எளிது.

கொம்புப் புழுவின் அடையாளங்கள்

நந்தியாவட்டையிலும் அரளியிலும் காணப்படும் இப்புழு, முழு வளர்ச்சியில் ஏழெட்டு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். உடல் வழுவழுப்பானது, மயிரோ முள்ளோ கிடையாது. நிறம் இளம்பச்சை. உடலின் இரு பக்கங்களிலும் வெண்மையான கோடு ஒன்று ஓடும். அதனைச் சுற்றிப் பொடி தூவியது போன்று வெள்ளைப் புள்ளிகள் காணப்படும். தலைக்குச் சற்றுப் பின்னால், கழுத்துப் பகுதியில், கறுப்பு வளையத்துள் வெளிர்நீலமாக இரண்டு பெரிய கண்கள் தெரியும். வால் நுனிக்கு முன்னால் முதுகின் மேல் ஒரு கொம்பு நிற்கும்.

அக்கண்கள் கண்களே அல்ல. தோலில் அமைந்த வெறும் நிறப் புள்ளிகள். புழுவின் உண்மையான கண்கள் கடுகளவினும் சிறியவை. தலையின் ஒவ்வொரு பக்கத்திலும் ஆறாக அமைந்திருக்கும். செடியை அசைத்தால் புழு தன் சிறிய தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்பொழுது கழுத்துப் பகுதி உப்பி, நிறப்புள்ளிகள் விரிந்து, சிறு பாம்பொன்று விழித்துப் பார்ப்பது போன்ற தோற்றம் உண்டாகும். கொத்த வந்த பறவை ஒரு கணம் தயங்கினால் புழுவுக்கு அதுவே போதும். இதற்கு மேல் அதனிடம் படைக்கலம் எதுவும் இல்லை. கொம்பு இரப்பர்த் துண்டு போல் வளையும் மென்மையான தசை. அதில் நஞ்சுமில்லை, கொடுக்குமில்லை. கையில் எடுத்தால் நெளியும், சில வேளைகளில் தான் தின்றதைப் பச்சை நீராகக் கக்கும், அவ்வளவே.

இது பருந்து அந்து எனப்படும் பெரிய அந்துப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது. வேகமாகப் பறந்து பூவின் முன் அந்தரத்தில் நிற்கவல்ல பூச்சிகள் ஆதலால் ஆங்கிலேயர் பருந்தின் பெயரை இட்டனர். இதன் அறிவியற் பெயர் டாஃப்னிஸ் நீரியை. நீரியம் என்பது அரளியின் அறிவியற் பெயர். அரளியில் வாழ்வது என்ற பொருளில், சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758ஆம் ஆண்டில் அப்பெயரைப் பதிவு செய்தார். ஓய்வாக இருக்கும்போது இக்குடும்பத்துப் புழுக்கள் உடலின் முன்பாதியை உயர்த்தித் தலையைத் தாழ்த்தி அசையாமல் இருக்கும். அத்தோற்றம் எகிப்து நாட்டில் சிங்க உடலும் மனிதத் தலையுமாக அமர்ந்திருக்கும் ஸ்பிங்ஸ் சிலையை நினைவூட்டியதால், குடும்பம் முழுவதுக்கும் அச்சிலையின் பெயரே அறிவியலில் நிலைத்துவிட்டது.

ஒரே புழுவை வெவ்வேறு நாளில் காண்பவர்கள் அதனை வெவ்வேறு புழு என்று எண்ணிவிடுவது உண்டு. முட்டையிலிருந்து வெளிவந்த முதல் நாளில் அது அரிசி நீளங்கூட இராது. மஞ்சள் நிற உடலில், உடலுக்குப் பொருந்தாத நீளத்தில், மயிரிழை போன்ற கறுப்புக் கொம்பு நிற்கும். நான்கு முறை தோலுரித்து வளர்கையில் உடல் பச்சையாகிறது. கழுத்துக் கண்கள் தோன்றுகின்றன. கொம்போ வரவரக் குட்டையாகி மஞ்சள் நிறமடைந்து கீழ்நோக்கி வளைகிறது. இரண்டு அல்லது மூன்று வாரத்தில் வளர்ச்சி முடிந்ததும் மீண்டும் ஒரு மாற்றம். பச்சை மறைந்து முதுகு கருகிப் பழுப்பேறும். அப்பொழுது புழு செடியை விட்டிறங்கித் தரையில் விரைந்து ஊர்ந்து செல்வதைக் கண்டு, ஏதோ நோய் பிடித்த புழு என்று சிலர் கூறுவர். நோயன்று, கூட்டுப்புழுவாக மாற இடந்தேடிச் செல்கிறது. சருகுகளைச் சில நூலிழைகளால் இணைத்துக்கொண்டு அவற்றினிடையே அது கூட்டுப்புழுவாகும்.

இவ்விடத்தில் பால்வெட்டுத் தொழிலாளர் சிந்திக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. நந்தியாவட்டை இலையைக் கிள்ளினால் பால்மரம் போன்றே வெண்பால் வடிகிறது. செடிகள் பாலைச் சுரப்பது நமக்காக அன்று; இலை தின்னும் பூச்சிகளின் வாயை ஒட்டவைக்கவும் கசப்பாலும் நஞ்சாலும் அவற்றை விரட்டவுமே. அரளியின் இலை, பூ, தண்டு, வேர் யாவும் மனிதனின் இதயத்தைத் தாக்கும் நஞ்சுடையவை என்பதை நம்மவர் அறிவர். அந்நஞ்சை உண்டே இப்புழு கொழுக்கிறது. நாம் வெட்டும் பால்மரத்திற்கும் இத்தகைய பகைவன் உண்டு. அதன் தாயகமான பிரேசிலில், இக்குடும்பத்தையே சேர்ந்த வேறொரு கொம்புப் புழு, இரப்பர் இலையையும் மரவள்ளி இலையையும் கூட்டங்கூட்டமாகத் தின்று மொட்டையாக்குகிறது. 1876ஆம் ஆண்டில் பிரேசிலிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1877ஆம் ஆண்டில் 22 கன்றுகளாகச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. மரம் கடல் கடந்தது; அப்புழு கடக்கவில்லை.

செடியைக் கொண்டு புழுவை அறிதல்

புழுவை இனங்காண்பதற்கு முதற்கேள்வி, அது எந்தச் செடியில் இருந்தது என்பதே. புழுவை மட்டும் தாளில் மடித்துக் கொண்டுவந்து காட்டினால் தேர்ந்தவர்களும் தடுமாறுவர். பெரும்பாலான புழுக்கள் தமக்குரிய சில செடிகளை அன்றிப் பிறவற்றைத் தொடுவதில்லை. நந்தியாவட்டைப் புழுவைக் கத்தரிச் செடியில் விட்டால் பட்டினி கிடந்து இறக்குமேயன்றித் தின்னாது.

கத்தரியில் காணப்படும் கொம்புப் புழு, மண்டையோட்டு அந்து என்னும் பூச்சியின் புழு. பச்சையாகவோ மஞ்சளாகவோ இருக்கும். பக்கங்களில் சாய்வான பட்டைகள் ஏழு. கொம்பு சொரசொரப்பாக நுனியில் சுருண்டிருக்கும். அதன் அந்து, முதுகில் மண்டையோடு போன்ற அடையாளம் தாங்கியது. பிடித்தால் கீச்சென்று ஒலியெழுப்பும். தேன்கூட்டில் புகுந்து தேன் திருடும். இரவில் விளக்கொளிக்கு அது வீட்டுக்குள் வந்துவிட்டால் கெட்ட சகுனம் என்று அஞ்சுவோர் உளர். பாவம், அதன் முதுகிலுள்ள படத்தை அது பார்த்ததே இல்லை. சர்க்கரைவள்ளிக் கொடியிலிருக்கும் கொம்புப் புழு பச்சையாகவும் பழுப்பாகவும் இரு வகையில் காணப்படும். அதன் கூட்டுப்புழுவில் கூசாவின் பிடி போல் ஒரு வளைவு இருப்பதால், கிழங்கு தோண்டும்போது மண்ணில் கிடைத்தால் உடனே அறியலாம். கெலாடி இலையிலும் காசித்தும்பையிலும் கரிய உடலில் இருபுறமும் வரிசையாக வண்ணப் பொட்டிட்ட கொம்புப் புழு வரும். இவற்றுள் எதுவும் கொட்டாது.

கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் இருக்கும் பச்சைப் புழுவுக்கும் கழுத்தில் பொய்க்கண் உண்டு. ஆயின் வாலில் கொம்பு இல்லை. அதைச் சீண்டினால் தலையின் பின்னாலிருந்து சிவந்த கவை ஒன்றை நாக்குப் போல் நீட்டும். கடுமையான வாடையும் வீசும். அது அந்துப்பூச்சியின் புழுவே அன்று, வண்ணத்துப்பூச்சியின் புழு. அதுவும் தீங்கற்றதே.

அஞ்ச வேண்டிய புழு

இனி, தென்னை ஓலைக்கு வருவோம். மலாய்க்காரர்கள் பெலுஞ்சாஸ் என்று அழைக்கும் புழுக்களைச் செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்வோர் நன்கு அறிவர். நெருப்புப் பட்டது போல் எரியும் அதன் தீண்டலை ஒருமுறை பட்டவர் மறப்பதில்லை. செம்பனையில் மட்டும் அவை நிற்பதில்லை. தென்னை, வாழை, மா என வீட்டைச் சுற்றியுள்ள மரங்களிலும் சில வகைகள் வாழ்கின்றன.

இவற்றின் நீளம் மூன்று நான்கு சென்டிமீட்டரே. உடல் தட்டையாகவும் தடித்தும் இருக்கும். கால்கள் வெளியே தெரியா, தலையும் தெரியாது. நத்தை ஊர்வது போல் வழுக்கிச் செல்லும். பச்சை அல்லது மஞ்சள் கலந்த உடலில் முதுகு நெடுக நீலமோ ஊதாவோ கோடு ஓடும். உடலெங்கும் சிறு குமிழ்களும் ஒவ்வொரு குமிழிலும் கொத்துக் கொத்தாக முட்களும் இருக்கும். முள் ஒவ்வொன்றும் நஞ்சு நிறைந்த ஊசி. தோலில் பட்ட மாத்திரத்தில் நுனி ஒடிந்து உள்ளே தங்கிவிடும். கொம்புப் புழுவின் ஒற்றைக் கொம்பு எங்கே, இதன் முட்கொத்து எங்கே! குழந்தைகளுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுத்தால் போதும்: வழுவழுப்பாக இருந்து வாலில் ஒற்றைக் கொம்பு நின்றால் அச்சமில்லை, உடலெங்கும் முள்ளோ மயிரோ இருந்தால் கை வைக்கலாகாது. உலாட் பூலு என்று பொதுவாக வழங்கும் மயிர்ப்புழுக்களிலும் தீங்கற்றவை உண்டு என்பது உண்மையே. ஆனால், அவற்றைப் பிரித்தறியும் பொறுப்பைக் குழந்தையின் விரலிடம் ஒப்படைக்க முடியாது.

முட்புழு பட்டுவிட்டால் தேய்த்தலோ சொறிதலோ கூடாது. தேய்க்கத் தேய்க்க முட்கள் ஆழப் பதியும். ஒட்டும் நாடாவை அவ்விடத்தில் ஒட்டி மெல்ல உரித்தெடுத்தால் முட்கள் அதனோடு வந்துவிடும். புதிய துண்டு நாடாவால் சிலமுறை இவ்வாறு செய்து, பின்னர் சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைத்தால் எரிச்சல் தணியும். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் முதலியவற்றைப் பூசுவதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். கண்ணில் முள் பட்டாலும், முகம் வீங்கினாலும், மூச்சு வாங்கினாலும் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

மருந்துப் புட்டி வேண்டுமா?

நந்தியாவட்டைப் புழுவுக்கு மருந்தடிப்பது வீண் செலவு என்பதே நம் கருத்து. ஒரு செடியில் இப்புழு ஐந்தாறுக்கு மேல் இருப்பது அரிது. ஏனெனில் தாய் அந்து முட்டைகளை ஒவ்வொன்றாகவே இட்டுச் செல்கிறது. இலைகளைத் தின்று கிளையை மொட்டையாக்கினாலும் வேரூன்றிய செடி மீண்டும் தளிர்க்கும். பூப்பறிக்கும் செடி, குழந்தை விளையாடும் முற்றம், பக்கத்திலேயே கறிவேப்பிலை. இவற்றின் நடுவே நஞ்சைத் தெளிப்பது புழுவின் தீமையினும் பெரிய தீமை. சிலர் வெளிக்காட்டில் அடிக்கும் களைக்கொல்லியில் மீந்ததைக் கொண்டுவந்து புழுவின் மேல் ஊற்றுகின்றனர். களைக்கொல்லி செடியைக் கொல்வதற்கென்றே செய்யப்பட்டது. புழுவை விரட்டப் போய்ச் செடியையே இழப்பர். அதைவிடக் கொடியது, அம்மீதத்தைச் சுவைநீர்ப் புட்டியில் ஊற்றி வீட்டில் வைப்பது. ஒரு வாய் குடித்தவரையும் காப்பாற்றுதல் அரிதாக இருந்த பாராகுவாட் என்னும் களைக்கொல்லி, நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. பழைய புட்டி எங்கேனும் மூலையில் இருக்குமாயின் அதைத் திறவாமல், வேறு புட்டிக்கு மாற்றாமல், தோட்ட நிருவாகத்திடம் ஒப்படைக்க வேண்டும்.

மருந்தடித்தால் புழு குறையும் என்னும் நம்பிக்கையைச் சபா மாநிலத்து அனுபவம் ஒன்று அசைத்துவிட்டது. தாவாவ் வட்டாரத்திலுள்ள குவாயின் ஹில் பகுதியில், காட்டை அழித்துக் கோக்கோ பயிரிட்டிருந்தனர். 1950களின் பிற்பகுதியில் புழுக்கள் தோன்றியதும் டி.டி.டி., டீல்ட்ரின் போன்ற கடும் மருந்துகளை அடுத்தடுத்துத் தெளித்தனர். புழுக்கள் ஒழிவதற்கு மாறாகப் புதிது புதிதாகப் பெருகின; மரங்கள் இலையிழந்தன. பூச்சியியல் அறிஞர் கோர்டன் கான்வே ஆராய்ந்து, புழுக்களை உண்டு அடக்கி வைத்திருந்த சிறு குளவிகளை மருந்து கொன்றுவிட்டதே காரணம் என்று கண்டார். 1961ஆம் ஆண்டில் அத்தெளிப்பு நிறுத்தப்பட்டது. குளவிகள் திரும்பி வந்தன. இலைதின்னும் புழுக்கள் பல தாமாகவே அடங்கின. செம்பனைத் தோட்டச் சாலையோரங்களில் இன்று மஞ்சள் பூச்செடிகளும் இளஞ்சிவப்புப் பூங்கொடிகளும் நடப்பட்டிருப்பதைக் காண்கிறோம். அவை வெறும் அழகுக்காக அல்ல. பெலுஞ்சாஸ் புழுக்களைத் தாக்கும் குளவிகளுக்குத் தேனூட்டவே நடப்பட்டவை.

அக்குளவிகளின் வேலையை நம் முற்றத்திலும் காணலாம். சில வேளைகளில் புழுவின் முதுகில் வெண்ணிற அரிசி போன்ற மணிகள் நெருக்கமாக ஒட்டியிருக்கும். அவற்றைப் புழுவின் முட்டை என்று எண்ணி நசுக்குவோர் பலர். புழு முட்டையிடுவதில்லை, முட்டையிடுவது அந்தே. அவ்வெண்மணிகள், புழுவின் உடலுக்குள் வளர்ந்து வெளிவந்த குளவிப் பிள்ளைகளின் கூடுகள். அத்தகைய புழுவை இருந்த இடத்திலேயே விட்டுவிடுதல் நன்று. அதன் வாழ்வு முடிந்துவிட்டது. அதிலிருந்து புறப்படும் குளவிகள் வேறு புழுக்களைத் தேடிச் செல்லும்.

செடி சிறியதாக இருந்து, புழு அதிகமாயின் கையால் பொறுக்குவதே வழி. காலையில் எச்சம் கிடக்கும் இடத்தைப் பார்த்து, அதற்கு நேர் மேலுள்ள கிளைகளை அடியிலிருந்து நுனிவரை நோக்க வேண்டும். இலையின் பச்சையும் புழுவின் பச்சையும் ஒன்றே ஆதலால் கண் பழகச் சற்று நேரமாகும். நிறத்தைத் தேடாமல் பாதி தின்ற இலையைத் தேடினால் புழு விரைவில் அகப்படும். பிடித்த புழுவை ஒதுக்குப்புறத்தில் நிற்கும் வேறொரு அரளியில் விட்டுவிடலாம். கோழிக்கு எறிதல் வேண்டா. அரளி இலை அதன் வயிற்றில் இருக்கிறது. செடியின் பால் தோலில் அரிப்பை உண்டாக்கும் ஆதலால் வேலை முடிந்ததும் கையைக் கழுவிக்கொள்ள வேண்டும்.

புழுவைக் கொல்லாமல் விடுவதால் பயன் உண்டா என்று சிலர் கேட்பர். பருந்து அந்துகள் நீண்ட உறிஞ்சுகுழலால் மல்லிகை போன்ற மணமுள்ள வெண்பூக்களில் தேன் குடிப்பவை. பப்பாளியில் ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனியே நிற்கும் இடங்களில், அந்தியில் ஒரு மரத்தின் மகரந்தத்தை மற்றொன்றுக்குச் சுமந்து செல்வன இக்குடும்பத்து அந்துகளே என்று கென்யா நாட்டில் ஆராய்ந்து 2009ஆம் ஆண்டில் வெளியிட்டுள்ளனர்.

பள்ளி செல்லும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒரு புழுவை வளர்த்துப் பார்க்கலாம். வாயகன்ற புட்டியின் வாயில் மெல்லிய துணியைக் கட்டி, புழு எந்தச் செடியில் கிடைத்ததோ அதே செடியின் இலையை நாள்தோறும் புதிதாக வைக்க வேண்டும். அரளிப் புழுவாயின் இலை பறிக்கும் வேலையைப் பெரியவர்களே செய்தல் வேண்டும். எச்சத்தை அன்றாடம் கொட்டிவிட வேண்டும். புட்டிக்குள் நீர் தேங்கக் கூடாது. புழு பழுப்பு நிறமடைந்து அமைதியின்றிச் சுற்றத் தொடங்கியதும், உலர்ந்த சருகுகளை மூன்று விரல் உயரத்திற்கு இட்டு, சொரசொரப்பான குச்சியொன்றைச் சாய்த்து வைத்து, பிறகு தொடாமல் விட வேண்டும். பத்து முதல் பதினைந்து நாளில், பெரும்பாலும் இரவில், அந்து வெளிவரும். அப்பொழுது அதன் இறக்கைகள் ஈரத்துணி போல் கசங்கிச் சிறுத்திருக்கும். அது குச்சியில் ஏறித் தொங்குவதற்கு இடமிருந்தால்தான் இறக்கை விரியும், இடமில்லையேல் ஊனமாகிவிடும். விரிந்த இறக்கையின் அகலம் பத்து சென்டிமீட்டர் அளவினது. கரும்பச்சையும் இளம்பச்சையும் இளஞ்சிவப்புமாக, படைவீரரின் சீருடை போன்ற கோலம் அதிலிருக்கும். அடுத்த நாள் பொழுது சாய்ந்ததும் துணியை அவிழ்த்துவிட்டால், அந்து முதலில் குளிரில் நடுங்குவது போல் இறக்கைகளை அதிர்த்துக்கொண்டே இருக்கும். அது பறப்பதற்குத் தசைகளைச் சூடேற்றிக்கொள்கிறது. ஓரிரு நிமிடத்தில் கிளம்பிவிடும்.